சாவகத்துப் பெசாந்த்ரேன்கள்: மாறியவையும் நிலைத்தவையும்

சாவகத் தீவின் இசுலாமிய உறைவிடப் பள்ளி 'பெசாந்த்ரேன்' எனப்படும். 'சாந்த்ரி' எனப்படும் மாணவர் தங்குமிடம் என்பது அதன் பொருள். சாந்த்ரி என்னும் சொல்லைத் தமிழோடு தொடர்புபடுத்துவாரும் உளர்; வடமொழிச் 'சாஸ்திரி'யின் திரிபு என்பாரும் உளர். அதன் வேர் எதுவாயினும், அப்பள்ளிகளின் வரலாறு தமிழ் பயில்வோர் அறியத்தக்கது.

பழைய பெசாந்த்ரேனில் வகுப்புப் பிரிவும் இல்லை, பட்டமும் இல்லை. 'கியாய்' எனப்பெறும் ஆசான் அரபு நூலைப் படித்து, சொல்லுக்குச் சொல் சாவக மொழியில் பொருளுரைப்பார். மாணவர் அப்பொருளை அகன்ற வரியிடைவெளியில் அரபு எழுத்திலேயே சாய்வாக எழுதிக்கொள்வர். எழுவாய்க்கு 'உதாவி', பயனிலைக்கு 'இக்கு' என இலக்கணக் குறிப்புச் சொற்களும் உண்டு. 'பேகோன்' எனப்படும் இவ்வெழுத்துமுறை நம் அரபுத்தமிழை ஒத்தது. ஒரு நூலைக் கற்று முடித்தவர், வேறொரு நூலில் வல்ல ஆசானை நாடி வேற்றூர் செல்வதும் மரபாக இருந்தது.

1905இல் டச்சு அரசு, சமயக் கல்வி புகட்ட அனுமதி பெறவேண்டும் என விதித்தது. அரசு ஐயுற்று நோக்கிய அக்காலத்தில், மாற்றத்தைத் தொடங்கியவர்கள் கியாய்களே. கிழக்குச் சாவகத்து ஜொம்பாங் வட்டாரத்தில் ஹாஷிம் அஷ்அரி 1899இல் தெபுயிரெங் பள்ளியை நிறுவினார். அவர்தம் மாணவர் பிஸ்ரி ஷன்சூரி, 1919இல் தெனாஞாரில் பெண்களுக்கு வகுப்புத் தொடங்கினார். 1926இல் தோன்றிய கொன்தோர் பள்ளி, அரபும் ஆங்கிலமும் மாணவர் பேச்சுமொழியாகும் நெறியை வளர்த்தது. 1930களின் இடைப்பகுதியில் ஹாஷிமின் மைந்தர் வாஹித் ஹாஷிம், பொதுப்பாடங்களைத் தெபுயிரெங்கில் புகுத்தினார்.

விடுதலைக்குப்பின் நிலை மாறியது. 1975இல் மூன்று அமைச்சர்கள் வெளியிட்ட கூட்டாணை, பாடத்தில் 70 விழுக்காடு பொதுக்கல்வியாக அமையும் மத்ரஸாக்களின் சான்றிதழைப் பொதுப்பள்ளிச் சான்றிதழுக்கு நிகராக்கியது. பெசாந்த்ரேன்கள் பல, தம் வளாகத்திலேயே மத்ரஸாக்களை நடத்தின. சாந்த்ரிக்குப் பல்கலைக்கழகக் கதவு திறந்தது. நூலோடு ஆற அமர இருக்கும் பொழுதோ சுருங்கியது. 2019ஆம் ஆண்டின் 18ஆம் சட்டம், பெசாந்த்ரேனின் மரபுவழிக் கல்வியையும் ஏற்றுக்கொண்டது.

இன்றும் பல பெசாந்த்ரேன்களில் பள்ளிப் பாடம் முடிந்தபின் பழைய நூல் விரிக்கப்படுகிறது. வரிகளின் இடையே சாவக மொழி எழுதப்படுகிறது. நம்மிடையே அரபுத்தமிழ் ஏடுகளைப் படிக்கவல்லார் அருகிவிட்டனர். பொதுக்கல்வியை ஏற்ற பின்னும் கற்கும் முறையில் ஒரு பகுதியை விடாது காத்தமையால், பேகோன் இன்னும் மாணவர் கையெழுத்தாக வாழ்கிறது. பழந்தமிழைப் பயிற்றும் நாம் எண்ணிப் பார்க்கவேண்டிய செய்தி இது.