மேல்திசை உணர்வு

மேல் எது, கீழ் எது என்று மனிதர் அறியும் திறன். உட்செவி, கண், உடலின் நெடுக்கு அச்சு ஆகியவை தரும் செய்திகளைச் சேர்த்து மூளை இதைக் கணிக்கிறது. பூமியில் இவை பெரும்பாலும் ஒத்துப்போவதால் கணிப்பு நடப்பதே நமக்குத் தெரிவதில்லை. இவை முரண்படும்போதுதான் அது வெளிப்படுகிறது.

ஜெர்மன் உடலியலாளர் ஹெர்மன் ஆபர்ட் 1861இல் இதன் முதல் தடயத்தைக் கண்டார். இருட்டறையில் செங்குத்தான ஒளிக்கோட்டைப் பார்த்தபடி தலையை நன்றாகச் சாய்த்தால், கோடு எதிர்ப்பக்கம் சாய்ந்து தெரியும். இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக் ரயிலில் போகையில், வளைவுகளில் வெளியே உள்ள மரங்களும் வீடுகளும் சாய்ந்து நிற்பதைக் கவனித்தார். ஈர்ப்பும் மையவிலக்கு விசையும் சேர்ந்து இழுக்கும் திசையையே உடல் ‘கீழ்’ எனக் கொள்கிறது என்று விளக்கி, பிராகில் சுழல் நாற்காலி அமைத்துச் சோதித்து, 1875இல் நூலாக எழுதினார்.

உட்செவியில் பசை போன்ற சவ்வின்மேல் கால்சியம் கார்பனேட் நுண்கற்கள் படிந்துள்ளன. தலை சாய்ந்தால் அவை சரிந்து, அடியிலுள்ள மயிரணுக்களை வளைக்கும். இத்தகைய கற்களின் வேலையை வியன்னாவில் அலோயிஸ் கிரைடில் 1893இல் மெய்ப்பித்த விதம் இத்துறையின் மிக அழகிய சோதனை. இறால் ஒவ்வொரு முறை தோலுரிக்கும்போதும் தன் சமநிலை உறுப்பிலுள்ள மணலை இழந்து, புதிய மணலை எடுத்து நிரப்பிக்கொள்ளும். கிரைடில் தொட்டியில் மணலுக்குப் பதில் இரும்புத்தூளை இட்டார். இறால்கள் அதையே எடுத்துக்கொண்டன. பிறகு காந்தத்தை அருகே கொண்டுவந்ததும் அவை காந்தம் இழுத்த பக்கத்தைக் கீழாகக் கருதி உடலைத் திருப்பிக்கொண்டன.

1961 ஆகஸ்டில் வோஸ்டாக் 2 விண்கலத்தில் சென்ற கெர்மன் டிடோவ், எடையின்மை தொடங்கியதும் தான் தலைகீழாக இருப்பதாக உணர்ந்தார்; விண்வெளியில் குமட்டல் கண்ட முதல் மனிதரும் அவரே. 1973இல் ஏவப்பட்ட ஸ்கைலேப் நிலையம் கண்ணின் பங்கைக் காட்டியது. அதன் இணைப்புக் கூடத்தில் கருவிகள் தரை, கூரை என்ற பேதமின்றிச் சுற்றிலும் பொருத்தப்பட்டிருந்தன. அங்கே வேலை செய்வது வீரர்களுக்குப் பிடிக்கவில்லை. தரையும் கூரையும் தெளிவாக அமைந்த பகுதியையே விரும்பினர்.

செவிக்கற்கள் விண்ணில் செயலிழப்பதில்லை. 1998இல் நியூரோலேப் விண்வெளிப் பயணத்தில் வீரர்களைச் சுழல்பொறியில் அமர்த்தி, பூமியின் ஈர்ப்புக்கு நிகரான விசையைப் பக்கவாட்டில் செலுத்தினர். பக்கவாட்டில் சாய்ந்து கிடப்பதாகவே அவர்கள் உணர்ந்தனர். அந்தச் சாய்வு தொடக்கத்தில் ஏறத்தாழ 45 பாகையாக இருந்து, பயண இறுதியில் 90 பாகையை நெருங்கியது.

எவ்வளவு ஈர்ப்பு இருந்தால் போதும்? டொரன்டோவின் யார்க் பல்கலைக்கழகத்து லாரன்ஸ் ஹாரிஸ் குழுவினர் சுழல்பொறியில் ஆட்களைப் படுக்கவைத்து, உடலின் நெடுக்கே விசையைச் சிறுகச் சிறுகக் கூட்டினர். ஆங்கிலச் சிற்றெழுத்து ‘p’ தலைகீழானால் ‘d’ ஆகும். சாய்த்துக் காட்டிய எழுத்தை ஒருவர் எதுவாகப் படிக்கிறார் என்பதைக் கொண்டு, அவருக்கு மேல் எது என்று அறிந்தனர். 2014இல் வெளியான முடிவின்படி, மேல்திசையைத் தீர்மானிப்பதில் ஈர்ப்பு பங்கேற்க, பூமி ஈர்ப்பில் சுமார் 0.15 பங்கு தேவை. நிலவின் ஈர்ப்பு 0.16, வரம்பை ஒட்டியே நிற்கிறது. அப்போலோ வீரர்கள் அங்கே பலமுறை தடுக்கி விழுந்ததைப் படிக்கும்போது, கனத்த உடையோடு இந்த எண்ணையும் எண்ணிப் பார்க்க வேண்டும். செவ்வாயின் ஈர்ப்பு 0.38, அங்கே நிமிர்ந்து நிற்பது இதைவிட எளிதாகலாம். நிலவில் அமையவிருக்கும் குடில்களுக்கோ, மேல் எது என்று ஐயமறக் காட்டும் கூரையும் விளக்குகளும் உதவக்கூடும்.