நீரிழிவு மாத்திரை மெட்ஃபார்மின் புற்றுநோயைத் தடுக்குமா? ஆய்வுகள் கூறுவது என்ன?

இரண்டாம் வகை நீரிழிவு நோயாளிகளுக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் முதலில் பரிந்துரைக்கும் மாத்திரை மெட்ஃபார்மின். விலை குறைந்த இம்மருந்து புற்றுநோய்க் கட்டிகளின் வளர்ச்சியையும் கட்டுப்படுத்தக்கூடும் என்ற கருத்து சுமார் 20 ஆண்டுகளாக ஆராயப்பட்டு வருகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆதரவுடன் நடத்தப்பட்டு 2023-இல் வெளியான ஆய்வின்படி, நாட்டில் சுமார் 10.1 கோடி பேர் நீரிழிவுடன் வாழ்கின்றனர். இதனால் இக்கேள்வி இந்தியாவுக்கு மிகவும் முக்கியமானது.

மூலிகையிலிருந்து மாத்திரை

ஐரோப்பிய நாட்டு மருத்துவத்தில் பயன்பட்ட 'கலேகா அஃபிசினாலிஸ்' என்ற செடியின் வேதிப்பொருளே இம்மருந்துக்கு வழிகாட்டியது. 1922-இல் மெட்ஃபார்மின் ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டது. 1957-இல் பிரான்ஸ் மருத்துவர் ழான் ஸ்டெர்ன் நீரிழிவு சிகிச்சையில் அதன் பயனை வெளியிட்டார். அமெரிக்காவில் 1994-இல்தான் இதற்கு அனுமதி கிடைத்தது.

ஆர்வம் எழுந்தது எப்படி?

மெட்ஃபார்மின் உட்கொண்ட நீரிழிவு நோயாளிகளுக்குப் புற்றுநோய் ஏற்படும் வாய்ப்பு குறைவாக இருந்ததாக, ஸ்காட்லாந்தின் டேசைட் பகுதியில் நடத்தப்பட்ட ஆய்வு 2005-இல் தெரிவித்தது. அதனைத் தொடர்ந்து பல நாடுகளில் ஆய்வுகள் தொடங்கின.

செயல்படும் விதம்

உயிரணுக்களுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் செயல்பாட்டை மெட்ஃபார்மின் ஓரளவு குறைக்கிறது. ஆற்றல் குறைந்ததை உணரும் 'ஏஎம்பிகே' என்ற நொதி தூண்டப்பட்டு, உயிரணு வளர்ச்சியை ஊக்குவிக்கும் 'எம்டிஓஆர்' என்ற புரதத்தின் செயல்பாடு தணிகிறது. இதனால் ஆய்வகத்தில் புற்றுநோய் உயிரணுக்களின் பெருக்கம் குறைந்தது. மேலும், சில வகைக் கட்டிகளின் வளர்ச்சிக்குத் துணைபுரியும் இன்சுலின் அளவும் இரத்தத்தில் குறைகிறது.

எனினும், பல ஆய்வகச் சோதனைகளில் பயன்படுத்தப்பட்ட மருந்தின் செறிவு, மாத்திரை உட்கொள்வோரின் இரத்தத்தில் காணப்படுவதைவிடப் பல மடங்கு அதிகம். எனவே, அதே விளைவு மனித உடலிலும் ஏற்படும் என்று கருத இயலாது.

பரிசோதனை முடிவுகள்

நீரிழிவு இல்லாத 3,649 மார்பகப் புற்றுநோயாளிகளிடம் கனடா தலைமையில் நடத்தப்பட்ட மருத்துவப் பரிசோதனையின் முடிவுகள் 2022-இல் வெளியாகின. வழக்கமான சிகிச்சையுடன் ஐந்து ஆண்டுகள் மெட்ஃபார்மின் அளித்தும், முதன்மை ஆய்வுக் குழுவில் நோய் திரும்புவது குறையவில்லை. நுரையீரல் புற்றுநோயில் 2021-இல் வெளியான இரு பரிசோதனைகளும் பலன் காட்டவில்லை.

அதேவேளையில், ஜப்பானில் நீரிழிவு இல்லாத 151 பேரிடம் நடத்தி 2016-இல் வெளியிடப்பட்ட ஆய்வு சற்று நம்பிக்கை அளித்தது. பெருங்குடலில் பாலிப் கட்டிகள் அகற்றப்பட்டவர்களுக்கு நாளொன்றுக்கு 250 மில்லிகிராம் வீதம் ஓராண்டு மெட்ஃபார்மின் வழங்கியதில், அக்கட்டிகள் மீண்டும் தோன்றுவது குறைந்தது. ஆனால், இவை புற்றுநோயாக மாறக்கூடிய கட்டிகளே தவிர, புற்றுநோய் அல்ல.

முரண்பாடு ஏன்?

ஒரு மருந்தை நீண்டகாலம் உட்கொண்டவர் என்ற பட்டியலில் இடம்பெற, ஒருவர் அதுவரை உயிருடன் இருந்திருக்க வேண்டும். இதனைச் சரியாகக் கணக்கில் கொள்ளாத ஆய்வுகளில் மருந்தின் பலன் மிகைப்படுத்தப்பட்டுத் தெரியும். முந்தைய ஆய்வுகள் பலவற்றில் இக்குறை இருந்ததை ஆய்வாளர்கள் 2012-இல் சுட்டிக்காட்டினர்.

நோயாளிகள் கவனத்துக்கு

தற்போதைய நிலையில் மெட்ஃபார்மின் புற்றுநோய்க்கான மருந்து அல்ல. நீரிழிவு இல்லாதோர் புற்றுநோயைத் தடுக்கும் நோக்கில் இதனைத் தாமாக உட்கொள்ளக் கூடாது. வயிற்றுப்போக்கு, வைட்டமின் பி12 குறைபாடு ஆகியவை இதனால் ஏற்படலாம். சிறுநீரகச் செயல்பாடு வெகுவாகக் குறைந்தவர்களுக்கு இரத்தத்தில் லாக்டிக் அமிலம் தேங்கி உயிருக்கே ஆபத்து நேரிடலாம். புற்றுநோய் சிகிச்சை பெறும் நீரிழிவு நோயாளிகள், குறிப்பாகச் சாயம் செலுத்தி சி.டி. ஸ்கேன் எடுக்கும் முன், மெட்ஃபார்மின் உட்கொள்வதை மருத்துவரிடம் தெரிவிப்பது அவசியம். அதேபோல், மருத்துவரின் ஆலோசனையின்றி இம்மாத்திரையை நிறுத்துவதும் கூடாது.