ஓரியன்டீரிங் போட்டிகள்: சிறார் பிரிவுகள் எவ்வாறு வகுக்கப்படுகின்றன?

வரைபடத்தையும் திசைகாட்டியையும் துணையாகக் கொண்டு, அறிமுகமில்லாத காட்டில் குறிக்கப்பட்ட இடங்களை வரிசை மாறாமல் கண்டடைந்து, குறைந்த நேரத்தில் இலக்கை எட்டும் விளையாட்டு ஓரியன்டீரிங். ஸ்காண்டிநேவிய நாடுகளில் ராணுவப் பயிற்சியாகத் தொடங்கிய இவ்விளையாட்டில், இன்று 10 வயதுச் சிறார்களும் தனியாகக் களமிறங்குகின்றனர்.

அவர்களுக்கு எந்தத் தடம் பொருந்தும் என்பதைத் தீர்மானிக்கும் வகைப்பாடு, முதன்முறை பார்ப்பவர்களைக் குழப்பக்கூடும். வயதைக் குறிக்கும் எண் ஒருபுறம், தடத்தைக் குறிக்கும் வண்ணம் மறுபுறம் என இரண்டு முறைகள் ஒன்றாக நடைமுறையில் இருப்பதே இதற்குக் காரணம்.

தடம் என்றால் என்ன?

இவ்விளையாட்டில் தடம் என்பது தரையில் கோடிட்டுக் காட்டப்படும் பாதை அல்ல. 'கன்ட்ரோல்' எனப்படும் சோதனைப் புள்ளிகளின் வரிசையே தடமாகும். ஒவ்வொரு புள்ளியிலும் ஆரஞ்சு, வெள்ளை நிறத் துணி அடையாளம் தொங்கவிடப்பட்டிருக்கும். ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்கு எவ்வழியில் செல்வது என்பதைப் போட்டியாளரே முடிவு செய்ய வேண்டும்.

தடத்தின் நீளம் உடல் வலிமையைச் சோதிக்கிறது. புள்ளிகள் அமைந்துள்ள இடங்களோ வரைபடம் படிக்கும் திறனைச் சோதிக்கின்றன. இவ்விரண்டும் தனித்தனியே அளவிடப்படுகின்றன. 2 கிலோ மீட்டர் தடம் 5 கிலோ மீட்டர் தடத்தைவிடக் கடினமாக இருப்பதும் உண்டு.

வயதைக் கணக்கிடும் முறை

சிறார், இளையோருக்கான வயதுப் பிரிவுகள் பொதுவாக 10, 12, 14, 16, 18, 20 என இரண்டு ஆண்டு இடைவெளியில் அமைகின்றன. சர்வதேச ஓரியன்டீரிங் கூட்டமைப்பின் விதிப்படி, 20 மற்றும் அதற்குக் குறைந்த வயதுடையோர், குறிப்பிட்ட வயதை எட்டும் ஆண்டின் இறுதி வரை அந்த வயதுக்குரிய பிரிவில் போட்டியிடலாம். போட்டி நடைபெறும் நாளில் உள்ள வயது கணக்கில் கொள்ளப்படுவதில்லை.

எடுத்துக்காட்டாக, 2014-ஆம் ஆண்டில் பிறந்த அனைவரும் 2025, 2026 ஆகிய இரு ஆண்டுகளிலும் 12 வயதுப் பிரிவில் இடம்பெறுவர். 2027 ஜனவரி 1 முதல் 14 வயதுப் பிரிவுக்கு மாறுவர். 2014 டிசம்பரில் பிறந்தவர், அன்று 12 வயதைக் கடந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையிலும் இம்மாற்றத்துக்கு உட்படுவார். தம்மைவிட ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் மூத்தவர்களுடனும் அவர் போட்டியிட வேண்டியிருக்கும்.

இளையவர்கள் மூத்தோர் பிரிவில் பங்கேற்க விதியில் இடமுண்டு. ஆனால், வயது கடந்தவர்கள் கீழ்ப் பிரிவில் போட்டியிட இயலாது.

பிரிட்டனின் வண்ண முறை

வயதையும் திறனையும் பிரித்துப் பார்ப்பதற்கு பிரிட்டனில் பின்பற்றப்படும் முறை சிறந்த எடுத்துக்காட்டு. அங்கு நுட்பக் கடினம் 1 முதல் 5 வரையிலான நிலைகளாகப் பிரிக்கப்பட்டு, தடங்களுக்கு வண்ணப் பெயர்கள் சூட்டப்பட்டுள்ளன.

வெள்ளை (நிலை 1): தொடக்கநிலையினருக்கானது. பொதுவாக 1 முதல் 2 கிலோ மீட்டர் வரை நீளும். முழுவதும் பாதைகளிலேயே செல்லலாம். பாதை பிரியும் ஒவ்வோர் இடத்திலும் சோதனைப் புள்ளி இருக்கும்.

மஞ்சள் (நிலை 2): ஏறத்தாழ 2 முதல் 3 கிலோ மீட்டர். பாதையுடன் ஓடை, சுவர், வேலி, காட்டின் விளிம்பு போன்ற நேர்கோட்டு அடையாளங்களையும் பின்தொடர வேண்டும்.

ஆரஞ்சு (நிலை 3): பாதையை விட்டு விலகிக் குறுக்கே செல்லவும், இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்வு செய்யவும் வேண்டியிருக்கும். திசைகாட்டியைப் பயன்படுத்தத் தெரிந்திருக்க வேண்டும். புள்ளியைத் தவறவிட்டாலும், அதைத் தாண்டியதை உணர்த்தும் தெளிவான அடையாளம் அருகிலேயே இருக்கும்.

இளம்பச்சை (நிலை 4): மேடு, பள்ளம், சரிவு ஆகியவற்றைக் காட்டும் சம உயரக் கோடுகளை ஓரளவு படித்தறிய வேண்டும்.

பச்சை, நீலம், பழுப்பு (நிலை 5): மூன்றின் நுட்பக் கடினமும் ஒன்றே. நீளம் மட்டுமே படிப்படியாக அதிகரிக்கும். வழி தவறினால் இழக்கும் நேரமும் அதிகம்.

இவற்றுடன் சிவப்புத் தடமும் உண்டு. ஆரஞ்சு தடத்தின் அதே கடின நிலையில், கூடுதல் நீளத்துடன் இது அமைக்கப்படுகிறது. உடல் வலிமை மிக்க, ஆனால் வரைபடத்துக்குப் புதியவர்களுக்காகவே இத்தடம்.

வயதும் வண்ணமும் இணையும் இடம்

பிரிட்டனில் 10 வயதுப் பிரிவின் முதன்மைத் தடம் மஞ்சளுக்கும், 12 வயதுப் பிரிவின் தடம் ஆரஞ்சுக்கும், 14 வயதுப் பிரிவின் தடம் இளம்பச்சைக்கும் இணையாக அமைகிறது. 16 வயது முதல் 5-ஆம் நிலை தொடங்குகிறது. உள்ளூர்ப் போட்டிகளில் வயது வேறுபாடின்றி எவரும் தமக்குப் பொருத்தமான வண்ணத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.

12-லிருந்து 14 வயதுப் பிரிவுக்கு மாறும் கட்டம் முக்கியமானது. அதுவரை பாதையையும் வேலியையும் பற்றிச் சென்ற சிறார்கள், நிலத்தின் வடிவத்தைப் படிக்கத் தொடங்குவது இங்குதான். அத்திறன் கைவராமல் மேல்நிலைக்குச் செல்வோர் காட்டில் நீண்ட நேரம் தனியே திசை தெரியாமல் அலைய நேரிடும். அந்த அச்சத்தால் விளையாட்டையே கைவிடும் நிலையும் ஏற்படலாம்.

தாமதமாகத் தொடங்குவோருக்கும் இது பொருந்தும். பள்ளி ஓட்டப் போட்டிகளில் சிறந்து விளங்கும் 15 வயது மாணவர், வரைபடப் பயிற்சியின்றி தமது வயதுப் பிரிவுக்குரிய தடத்தில் இறங்கினால், அவரது வேகமே தவறான திசையில் அவரை வெகுதொலைவு கொண்டு சென்றுவிடும். அத்தகையோருக்கு ஆரஞ்சு அல்லது சிவப்புத் தடமே ஏற்றது. இந்தியாவில் தேசிய மாணவர் படையின் (என்.சி.சி.) ராணுவப் பிரிவில் வரைபடம் படித்தல் ஒரு பாடமாக உள்ளது. அதில் பயின்றோருக்கு சம உயரக் கோடுகளும் திசைகாட்டியும் புதியவை அல்ல. எனினும், ஓடிக்கொண்டே அவற்றைப் படிப்பதற்குத் தனிப் பயிற்சி தேவை.

வரைபட அளவிலும் சிறார்களுக்குச் சலுகை உண்டு. காட்டுப் போட்டிகளுக்கான அடிப்படை அளவு 1:15,000. அதாவது வரைபடத்தில் 1 செ.மீ. என்பது நிலத்தில் 150 மீட்டர். வரைபடம் படிக்கும் திறன் முழுமையாக வளராத 16 மற்றும் அதற்குட்பட்ட வயதுப் பிரிவினருக்கு 1:10,000 அளவிலான, பெரிதாக்கப்பட்ட வரைபடத்தை சர்வதேச வரையறை பரிந்துரைக்கிறது.

நாடு மாறினால் வண்ணமும் மாறும்

வண்ணப் பெயர்கள் உலகெங்கும் ஒரே பொருளைத் தருவதில்லை. பிரிட்டனில் பச்சை என்பது நுட்பக் கடினத்தின் உச்ச நிலையைச் சேர்ந்தது. ஸ்வீடனிலோ பச்சைதான் மிக எளிய நிலை; வெள்ளை அதற்கு அடுத்தது. அமெரிக்காவில் வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு என்ற முதல் மூன்று படிகள் பிரிட்டனை ஒத்திருந்தாலும், அதற்குப் பிந்தைய வரிசை வேறு. எனவே, வெளிநாட்டுப் போட்டிக்குப் பதிவு செய்வோர் வண்ணத்தை மட்டும் பார்க்காமல், கடின நிலை குறித்த விளக்கத்தையும் படிப்பது அவசியம்.

சர்வதேசப் போட்டிகளில் வண்ணங்களுக்குப் பதிலாக வயதுப் பிரிவே கொள்ளப்படுகிறது. ஐரோப்பிய இளையோர் சாம்பியன்ஷிப் 16, 18 வயதுப் பிரிவுகளில் நடத்தப்படுகிறது. 1990-இல் ஸ்வீடனில் தொடங்கிய ஜூனியர் உலக சாம்பியன்ஷிப் 20 வயதுக்கு உட்பட்டோருக்கானது.

பெற்றோர் கவனத்துக்கு

எளிய தடங்களில் பெற்றோர் உடன் செல்லப் பல இடங்களில் அனுமதி உண்டு. தனியாக அனுப்பும் முன், வரைபடத்தை வடக்கு திசையுடன் பொருத்திப் பிடித்தல், வந்த வழியே திரும்புதல் ஆகிய இரண்டும் பிள்ளைக்குத் தெரிந்திருப்பதை உறுதி செய்ய வேண்டும்.

தடத்தைப் பாதியில் கைவிட்டாலும் இலக்குப் பகுதிக்கு வந்து தகவல் தெரிவிப்பது கட்டாயம். தவறினால், காட்டில் சிக்கிக்கொண்டதாகக் கருதி தேடுதல் பணி தொடங்கப்படும். உதவி தேவைப்படும்போது ஒரு நிமிடத்தில் 6 முறை விசில் ஊதி, ஒரு நிமிட இடைவெளிக்குப் பின் மீண்டும் ஊத வேண்டும். அந்த ஒலியைக் கேட்கும் சக போட்டியாளர், தமது ஓட்டத்தை நிறுத்தி உதவ வேண்டும் என்பது இவ்விளையாட்டின் நெறி.