எட்டரை மில்லிமீட்டர்

கடையில் மாஸ்கிங் டேப் 6 மில்லிமீட்டரில் கிடைக்கிறது, 10 மில்லிமீட்டரில் கிடைக்கிறது. எட்டரையில் கிடைப்பதில்லை. எனக்கு வேண்டியது எட்டரை. கண்ணாடித் துண்டின் மேல் அகல டேப்பை ஒட்டி, இரும்பு ஸ்கேலை வைத்து, புது பிளேடால் கீறி எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு மாலை முழுக்க இதே வேலை. வீட்டில் பார்த்தவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது அவர்களுக்கு.

மேசையில் இருந்தது டக்ளஸ் சி-47 விமானத்தின் பிளாஸ்டிக் மாடல், 72இல் ஒரு பங்கு அளவில். இரண்டாம் உலகப்போரில் சரக்கு, காயம்பட்டவர்கள், பாராசூட் வீரர்கள் எல்லாவற்றையும் சுமந்த வண்டி அது. பிரிட்டிஷ்காரர்கள் டகோட்டா என்றார்கள். நிஜத்தில் இறக்கை முனைக்கு முனை 29 மீட்டர், என் மேசையில் 40 சென்டிமீட்டர். துப்பாக்கி கிடையாது, கவசமும் கிடையாது. உடம்பின் இரு பாதிகளை ஒட்டி, இணைப்புக் கோட்டில் பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு, பிரைமர் அடித்தாயிற்று. இனி பெயிண்ட். மேலே மங்கிய ஆலிவ் பச்சை, அடியில் சாம்பல். மேலிருந்து பார்த்தால் தரையோடும் கீழிருந்து பார்த்தால் வானத்தோடும் கலந்துவிட வேண்டும் என்பதற்கான நிறங்கள்.

இவ்வளவு பாடுபட்டு மறைத்த விமானத்தின் இறக்கையிலும் வாலுக்கு முன்னாலும் வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை என்று ஐந்து பட்டைகளைப் போட்டார்கள். 1944 ஜூன் நார்மண்டி தரையிறக்கத்துக்காகப் போட்டது. ஒற்றை எஞ்சின் விமானத்துக்கு ஒவ்வொரு பட்டையும் 18 அங்குலம், இரட்டை எஞ்சினுக்கு 24. 24 அங்குலத்தை 72ஆல் வகுத்துப் பாருங்கள், எட்டரை மில்லிமீட்டர் வரும்.

மாடல் செய்பவர்களுக்கு இந்தப் பட்டைகள் ஒரு தேர்வு மாதிரி. நேராக வந்தால் பாராட்டு, கசிந்தால் போச்சு. நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். யாருடைய கண்ணில் படுவதற்காக இதைப் போட்டார்கள் என்று யோசிக்கவே இல்லை.

அந்தக் கேள்விக்கு முன்னால் 72 என்ற எண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஓர் அங்குலத்துக்கு ஆறு அடி என்பதுதான் இந்த அளவு. 1932இல் பிரிட்டனில் ஸ்கைபேர்ட்ஸ் என்ற மரக் கிட்டுகள் இந்த அளவில் வந்தன. 1936இல் ஃப்ராக் பெங்குவின் என்ற பெயரில் பிளாஸ்டிக்கில் வந்தன. அதுவரை இது விளையாட்டு. 1942 தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படை பள்ளிப் பிள்ளைகளிடம் 5 லட்சம் மாடல் விமானங்கள் செய்து தரச் சொன்னது. 50 வகை, வகைக்கு 10,000. மரத்தில் செதுக்கி, இதே 72 அளவில், முழுக்கக் கறுப்புப் பெயிண்ட் அடிக்க வேண்டும். வானத்தை நிமிர்ந்து பார்க்கும்போது விமானத்தின் நிறமா தெரிகிறது? இருட்டு உருவம்தான் தெரியும். 35 அடி தள்ளி இந்தக் கறுப்பு மாடலைத் தொங்கவிட்டால், ஏறத்தாழ அரை மைல் தூரத்தில் பறக்கும் விமானத்தைப் பார்ப்பது போலிருக்கும். பீரங்கிக்காரன் அதைப் பார்த்துப் பார்த்துப் பழக வேண்டும். இறக்கை எங்கே வளைகிறது, வால் எப்படி முடிகிறது, இது நம்மாளா, அவனா?

பன்னிரண்டு வயசுப் பையன் தச்சு வகுப்பில் உளியை வைத்து ஜெர்மன் விமானம் ஒன்றைச் செதுக்குகிறான். அதைப் பார்த்துப் பழகிய ஒருவன் எங்கோ கடலில் அந்த விமானத்தைச் சுட வேண்டும். அதைவிட முக்கியம், மற்றதைச் சுடாமல் இருக்க வேண்டும்.

ஏனென்றால் மற்றதைச் சுட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். பிரிட்டன் போர் அறிவித்து மூன்றாம் நாள், 1939 செப்டம்பர் 6, ஒரு பொய்யான அபாய அறிவிப்பை நம்பி மேலே கிளம்பிய ஹரிக்கேன் விமானங்களை எதிரி என்று நினைத்து ஸ்பிட்ஃபயர் விமானங்கள் தாக்கின. இரண்டு ஹரிக்கேன்கள் விழுந்தன. விமானி மாண்டேக் ஹல்டன்-ஹாரப் செத்தார். பார்க்கிங் கிரீக் சண்டை என்று கேலியாகப் பெயர் வைத்தார்கள். ஸ்பிட்ஃபயரின் வீரப் பிரதாபங்களைப் படித்து வளர்ந்தவன் நான். அது முதன்முதலில் சுட்டு வீழ்த்தியது ஒரு பிரிட்டிஷ் விமானத்தை என்பதை ரொம்பத் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன். சுட்ட விமானிகளை ராணுவ நீதிமன்றம் விடுவித்தது.

அது பட்டப்பகலில் நடந்தது. இனி ஓர் இரவு.

1943 ஜூலை 11, சிசிலி. தரையிறங்கியிருந்த அமெரிக்கப் படைக்கு வலு சேர்க்க, துனிசியாவிலிருந்து 144 விமானங்கள் கிளம்பின. எல்லாம் நான் கையில் வைத்திருக்கிற இதே சி-47 வகை. உள்ளே 504ஆவது பாராசூட் படைப்பிரிவின் ஏறத்தாழ 2,300 பேர். இறங்க வேண்டிய இடம் அமெரிக்கர்கள் பிடித்துவிட்ட நிலம்தான். ஆபத்தில்லாத பயணம் என்றுதான் கணக்கு. நம் விமானங்கள் வரும், சுடாதீர்கள் என்று ஜெனரல் பேட்டன் முன்கூட்டியே செய்தி அனுப்பியிருந்தார். அது எல்லாத் துப்பாக்கிக்கும் போய்ச் சேரவில்லை.

போயிருந்தாலும் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது. அன்று பகல் முழுக்க ஜெர்மன் விமானங்கள் கரையையும் கப்பல்களையும் குண்டு போட்டுத் துவைத்திருந்தன. ராபர்ட் ரோவன் என்ற வெடிமருந்துக் கப்பல் எல்லோர் கண்ணெதிரிலும் வெடித்துச் சிதறியிருந்தது. அன்றிரவு விமானச் சத்தம் என்றாலே அந்த ஆட்களுக்கு ஒரே அர்த்தம்தான்.

முதலில் வந்த விமானங்கள் அமைதியாகவே ஆட்களை இறக்கிவிட்டன. அப்புறம் எங்கோ ஒரு இயந்திரத் துப்பாக்கி சுட ஆரம்பித்தது. அது சுடுகிறதே என்று பக்கத்தில் இருந்தது சுட்டது. கொஞ்ச நேரத்தில் கரையும் கடலும் சேர்ந்து சுட்டன. சில விமானங்கள் உள்ளிருந்தவர்கள் குதிப்பதற்கு முன்பே விழுந்தன. பாராசூட்டில் தொங்கிக்கொண்டிருந்தவர்களையும் சுட்டார்கள். 23 விமானங்கள் போயின, 37 சேதமாயின. இறந்தவர்கள், காயம்பட்டவர்கள், காணாமல் போனவர்கள் எல்லாம் சேர்த்து 300 பேருக்கு மேல். ஒரு ஜெர்மன் விமானம்கூட இதில் சம்பந்தப்படவில்லை.

மாடலின் வயிற்றுப் பகுதியில் டேப் ஒட்டும்போது இந்த எண்ணிக்கை நினைவுக்கு வந்துவிடும். பிறகு அந்த ஐந்து பட்டை அலங்காரமாகத் தெரிவதில்லை. 'நான்தாண்டா, சுடாதே' என்று உடம்பில் எழுதிக்கொண்ட மாதிரி இருக்கிறது.

நார்மண்டிக்கு ஆயிரக்கணக்கில் விமானங்கள் பறக்கவிருந்தன. நம்முடையதா என்று ரேடியோ அலையில் கேட்டுச் சொல்லும் கருவி இருந்தது. இத்தனை விமானமும் ஒரே நேரத்தில் பதில் சொன்னால் அது திணறிவிடும் என்று பயந்தார்கள். கண்ணைத்தான் நம்ப வேண்டும், ஆனால் கண் என்ன செய்யும் என்பதை சிசிலியில் பார்த்தாயிற்று. 1944 ஏப்ரல் 18 தேதியிட்ட ஒரு குறிப்பாணையில் பட்டைகளின் அளவு முடிவானது. உடனே போடவில்லை. முன்கூட்டிப் போட்டால் ஜெர்மானியர்களும் போட்டுக்கொள்வார்களே! போக்குவரத்து விமானங்களுக்கு ஜூன் 3, சண்டை விமானங்களுக்கு ஜூன் 4 என்று கடைசி நேரத்தில்தான் உத்தரவு வந்தது. நாலு எஞ்சின் குண்டுவீச்சு விமானங்களுக்கு மட்டும் விலக்கு. ஜெர்மனியிடம் அந்த வகை மிகக் குறைவு என்பதால் யாரும் குழம்ப மாட்டார்கள்.

உத்தரவு வந்ததும் விமானத் தளங்களில் எல்லோரும் பிரஷ்ஷைத் தூக்கினார்கள், சில இடங்களில் துடைப்பத்தை. டேப் ஒட்டவா நேரம்? அந்த நாட்களின் புகைப்படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால் பட்டையின் ஓரம் பாம்பு மாதிரி நெளிகிறது, வெள்ளைக்குள் பிரஷ் தடம் தெரிகிறது. நம் ஊரில் பொங்கலுக்கு முந்தின நாள் அவசரமாக அடித்த சுண்ணாம்பு போல இருக்கும். நானோ எட்டரை மில்லிமீட்டரை பிளேடால் கீறிக்கொண்டிருக்கிறேன்! மாடல்காரர்கள் இதைப் பற்றி முடிவில்லாமல் சண்டை போடுவார்கள். கோணலாக அடித்தால் 'கை சுத்தமில்லை' என்பார் ஒருவர், நேராக அடித்தால் 'சரித்திரம் தெரியவில்லை' என்பார் இன்னொருவர்.

பட்டை உயிர்களைக் காப்பாற்றியதா? பகலில் பறந்தவற்றுக்கு உதவியிருக்கும் என்றே நினைக்கிறேன். ஜூன் 5 நள்ளிரவில் கிளம்பிய 800க்கும் மேற்பட்ட போக்குவரத்து விமானங்களுக்கு, அவற்றில் இருந்த சுமார் 13,000 பாராசூட் வீரர்களுக்கு, இருட்டில் வெள்ளை என்ன, கறுப்பு என்ன? அவர்களைக் காத்தது பாதை. தங்கள் கப்பல் கூட்டத்தின் மேல் பறக்கவே கூடாது என்று சுற்றி வளைத்து மேற்குப் பக்கத்திலிருந்து பிரான்ஸுக்குள் நுழைய வைத்தார்கள். சிசிலி கற்றுக்கொடுத்தது அந்த வளைவை. மாடலில் அதற்குப் பெயிண்ட் அடிக்க வழியில்லை.

அந்த வரிசைக்கு முன்னால் பறந்த விமானத்தின் பெயர் 'தட்ஸ் ஆல், பிரதர்'. கதை முடிந்தது தம்பி என்று ஹிட்லருக்குச் சொல்வதாம். போருக்குப் பின் பல கை மாறி, அடையாளம் மறந்து, 2015இல் அமெரிக்காவின் ஆஷ்காஷ் நகரில், எஞ்சின் மாற்றிப் புது விமானமாக்கக் காத்திருந்த பழைய வண்டிகளுக்கு நடுவே கண்டுபிடிக்கப்பட்டது. அடையாளம் காட்டுவதற்காகவே பட்டை தீட்டிய விமானத்தை எழுபது வருஷம் கழித்து வரிசை எண்ணை வைத்துத்தான் அடையாளம் கண்டார்கள். 2018இல் மறுபடி பறந்தது, 2019இல் நார்மண்டிக்கும் போய்வந்தது. நான் செய்வது அதைத்தான்.

வெள்ளையை முதலில் அடிக்க வேண்டும். கறுப்பின் மேல் வெள்ளை சீக்கிரம் நிற்காது. மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் காய ஒரு ராத்திரி. பிறகு டேப், பிறகு கறுப்பு. நேற்று டேப்பை உரித்தேன். இடது இறக்கையின் அடியில் இரண்டாவது கறுப்பு கசிந்திருக்கிறது. அரை மில்லிமீட்டர். நிஜத்தில் ஒன்றரை அங்குலம், துடைப்பம் பிடித்தவனின் கை ஒரு தடவை நடுங்கினால் வருகிற அளவு. உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து எடுத்து வந்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அதை ஜன்னல் திண்டில் காயப்போட்டேன்.