கப்பல் வந்தால் ஊருக்கு என்ன மிஞ்சும்? காலி, கொழும்பு, காங்கேசன்துறை

கொழும்பு கோட்டையில் இருக்கிற கிராண்ட் ஒரியன்டல் ஹோட்டலின் மேல்மாடியில் நின்றால் துறைமுகம் நல்லாத் தெரியும். போன லீவில் நாங்கள் நாலு பேர் அங்கே போய் ஆளுக்கு ஒரு பிளேன்ரீ மட்டும் சொன்னோம். பில் வந்த பிறகுதான் அதுவும் கூடிப்போச்சு எண்டு விளங்கியது. அன்றைக்கு ஒரு சொகுசுக் கப்பல் வந்திருந்தது. கேற் வாசலில் முச்சக்கரவண்டிக்காரர்கள் வரிசையாகக் காத்திருந்தார்கள். வெளியே வந்த பயணிகளில் அரைவாசிக்கு மேல் ஏசி பஸ்களில் ஏறிப் போய்விட்டார்கள்.

இப்படிக் கப்பல் வந்தால் ஊருக்கு என்ன மிஞ்சும் எண்டு எங்களில் ஒருத்தி கேட்டாள். அந்தக் கேள்விதான் எங்களை நூலகத்துக்குக் கொண்டுபோனது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கையின் கப்பல் வாசல் காலிதான். ஐரோப்பாவில் இருந்து கல்கத்தாவுக்கும் சீனாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போன நீராவிக் கப்பல்கள் அங்கேதான் நிலக்கரி ஏற்றின, தபால் மாற்றின. பயணிகள் இறங்கி இரத்தினக்கல்லும் லேஸும் வாங்கினார்கள். ஆனால் காலித் துறைமுகம் பொல்லாதது. தண்ணீருக்குக் கீழே பாறை, மேலே தென்மேல் பருவக்காற்று. 1860 மே மாதம் 'மலபார்' என்ற பி அன்ட் ஓ கப்பல் அங்கே பாறையில் மோதி உடைந்தது. சீனாவுக்குத் தூது போன பிரித்தானிய எல்ஜின் பிரபுவும் பிரெஞ்சுத் தூதுவர் குரோவும் அதில் இருந்தார்கள், உயிர் தப்பினார்கள்.

கொழும்பு மட்டும் பாதுகாப்பான துறைமுகமா? அதுவும் இல்லை. அன்றைக்கு அது வெறும் திறந்த கடல். ஆனால் தலைநகரம் அங்கே. மலைநாட்டுக் கோப்பியை இறக்கும் கண்டி ரயிலும் 1867இல் அங்கேதான் வந்து சேர்ந்தது. 1869இல் சுயெஸ் கால்வாய் திறந்ததும் கப்பல்கள் பெருகின. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அலைதாங்கிக்கு முதல் கல்லை வைத்தார். 1882இல் தபால் கப்பல்கள் காலியை விட்டுக் கொழும்புக்கு மாறிவிட்டன. 1885இல் அலைதாங்கி வேலை முடிந்தது. இதில் ஒரு பகிடி இருக்கு. கால்வாய் திறந்த அதே 1869இல்தான் கோப்பி இலைநோயும் இங்கே கண்டுபிடிக்கப்பட்டது. சுவர் கட்டி முடியும்போது கோப்பி ஏறக்குறைய அழிந்துபோயிருந்தது. துறைமுகம் தேயிலைக்கும் பயணிகளுக்கும் பயன்பட்டது. காலியோ அப்படியே தூங்கிப்போனது. ஒரு கம்பனி பாதையை மாற்றினால் ஒரு நகரத்தின் பிழைப்பே மாறிவிடும் என்பதற்கு இலங்கையில் இதைவிட நல்ல உதாரணம் எங்களுக்குத் தெரியாது.

அதன் பிறகு கொழும்புக்குப் பெரிய ஆட்கள் வந்தார்கள். 1890 நவம்பரில் சகலின் தீவில் இருந்து திரும்பும் வழியில் அன்ரன் செக்கோவ் வந்தார். 1896இல் மார்க் ட்வைன். நாங்கள் பிளேன்ரீ குடித்த ஹோட்டலில் செக்கோவ் பேரில் ஓர் அறையே இருக்கு. ஆனால் அந்தக் கப்பல்களுக்கு நிலக்கரி மூட்டை சுமந்தவர்களின் பேரில் எங்கேயும் ஓர் அறை இல்லை. அவர்களில் பலர் தமிழ்நாட்டில் இருந்தும் கேரளத்தில் இருந்தும் வந்த கூலிகள். ஏ. ஈ. குணசிங்கவின் தொழிற்சங்கம் 1927இல் நடத்திய துறைமுக வேலைநிறுத்தம் இல்லாவிட்டால் அவர்களை இவ்வளவுக்காவது நாங்கள் வாசித்திருக்க மாட்டோம். அதே துறைமுகத்தில் தூத்துக்குடிக் கப்பலில் வந்து இறங்கி, தோட்டங்களுக்குப் போனவர்களும் இருந்தார்கள். கடல் கடந்து வந்தவர்கள்தான், ஆனால் அவர்களைப் பயணிகள் எண்டு யாரும் எழுதவில்லை.

விமானம் வந்தது. 1967இல் இருந்து 1975 வரை சுயெஸ் மூடிக் கிடந்தது. பிறகு யுத்தம். 2009க்குப் பிறகுதான் சொகுசுக் கப்பல்கள் திரும்பவும் கூடுதலாக வரத் தொடங்கின.

ஆனால் பழைய கப்பலும் புதிய கப்பலும் ஒன்றில்லை. பழைய கப்பலுக்குத் துறைமுகம் தேவைப்பட்டது. நிலக்கரியும் தண்ணீரும் இல்லாமல் அது நகராது. ஆகவே ஊருக்கு அதன்மேல் ஒரு பிடி இருந்தது. இன்றைய சொகுசுக் கப்பலில் படுக்கை, சாப்பாடு, கடை, கூத்து எல்லாம் உள்ளேயே. காலையில் வந்து பின்னேரம் போய்விடும். ஊர் பிடிக்காவிட்டால் அடுத்த பருவத்தில் வேறு துறைமுகத்துக்கு மாறினால் சரி. கம்பனிக்கு அதனால் ஒன்றும் குறையாது. காலிக்கு 1882இல் நடந்தது இன்றைக்கு இன்னும் லேசாக நடக்கும்.

இதை வைத்துத்தான் காங்கேசன்துறையைப் பார்க்க வேண்டும். 2023 ஜூனில் சென்னையில் இருந்து வந்த கோர்டேலியா நிறுவனத்தின் 'எம்பிரஸ்' கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை எண்டு சுற்றிப் போனது. ஃபேஸ்புக் முழுக்க அந்தப் படம்தான். எங்களுக்கும் சந்தோசம், மறைக்கத் தேவையில்லை. ஆனால் அந்தக் கப்பல் முதன்முதல் சேவைக்கு வந்தது 1990இல். வலிகாமம் வடக்குச் சனம் வீடுவாசலை விட்டு ஓடியதும் அதே 1990இல்தான். அவர்களில் பலரின் காணி இன்னும் கைக்கு வரவில்லை. அந்தக் கடற்கரையில் இராணுவம் ஓய்வு விடுதி நடத்துகிறது.

எங்களைக் கேட்டால், சொகுசுக் கப்பலைவிட நாகபட்டினம் படகுச் சேவைதான் முக்கியம். 2023 ஒக்டோபரில் தொடங்கி, சில நாட்களிலேயே நின்று, 2024 ஓகஸ்டில் திரும்ப வந்தது. அதில் வருபவர் ஊர்க் கடையில் சாப்பிடுவார், ஒரு லொட்ஜில் தங்குவார், சொந்தக்காரர் வீட்டுக்குப் போவார். பிறகும் வருவார். ஆனால் அதற்கு யாரும் அவ்வளவு படம் எடுத்துப் போடவில்லை.

எங்களில் ஒருத்தியின் அம்மம்மா காங்கேசன்துறைக்காரி. இப்போது கோண்டாவிலில் இருக்கிறா. எம்பிரஸ் வந்த வீடியோவைப் போனில் காட்டினோம். அவ கப்பலைப் பார்க்கவேயில்லை. பின்னால் தெரிந்த கரையைத்தான் விரலால் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தா. "இது சீமெந்துத் தொழிற்சாலைப் பக்கமோ பிள்ளை?" எண்டு கேட்டா. எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.