நம்ம கடை

எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. பினாங்கு மார்க்கெட் ஸ்திரீட்டில், அதாவது இன்றைய லெபோ பசாரில், கொள்ளுத்தாத்தா ஜவுளிக்கடை வைத்திருந்தார். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் குண்டு போட்டதில் எல்லாம் போச்சு. ஆதாரம் கேட்டால் அத்தை ஒரு தபாலட்டையை எடுத்துக் காட்டுவார். ஒரு பக்கம் கடையின் புகைப்படம். மறுபக்கம் ஊருக்கு, கொள்ளுப்பாட்டிக்கு எழுதிய நாலு வரி. அதில் ஒன்று, ‘இது நம்ம கடை.’ போருக்குப் பிறகு தாத்தா ரஜூலா கப்பலில் இங்கே வந்தபோது பெட்டியோடு வந்த அட்டை அது.

போன வருடம் அந்தத் தகரப்பெட்டியைத் துடைக்கும்போது அடியில் இன்னொரு அட்டை கிடைத்தது. அதே கடை.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் அச்சுப்புள்ளிகள் இல்லை. தபாலட்டைத் தாளிலேயே நேராகக் கழுவி எடுத்த புகைப்படங்கள். இந்த வகையில் நாலைந்து பிரதி மட்டும்கூடப் போட்டுக்கொள்ள முடியும். அதனால்தான் பெரிய கட்டடங்களுக்கு நடுவே இப்படிச் சின்னக் கடைகளுக்கும் அட்டை கிடைத்திருக்கிறது.

காலத்தைத் தபால்தலை சொன்னது. புதிதாகக் கிடைத்ததில் ஏழாம் எட்வர்ட். அவர் 1910இல் இறந்துவிட்டார். அத்தை காட்டுவதில் ஐந்தாம் ஜார்ஜ்.

இரண்டு படத்திலும் பெயர்ப்பலகை ஒன்றுதான்: ஆ.மு. ‘ஆவன்னா மூனா’ என்று வாசிக்க வேண்டும். இதற்கு விலாசம் என்று பெயர். செட்டியார்களும் மற்ற தமிழ் வணிகர்களும் தாத்தா, அப்பா பெயர்களின் முதலெழுத்துகளை இப்படித்தான் கடைக்கு வைத்தார்கள். எங்கள் கொள்ளுத்தாத்தா வைத்திருந்தால் அது ‘கானா சூனா’ ஆகியிருக்க வேண்டும்.

ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’ வாசித்தவர்களுக்கு அந்த உலகம் தெரியும். செட்டியார்களின் வட்டிக்கடைகளில் பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள் என்று படிகள் இருந்தன. மூன்று வருடக் கணக்குக்கு வருவார்கள், ஊர் போவார்கள், திரும்ப வருவார்கள். ஜவுளிக்கடைப் பையன் வாழ்க்கையும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்திருக்கும்.

எட்வர்ட் தலை ஒட்டிய அட்டை அவருடைய அப்பாவுக்கு எழுதியது. அதில் ‘முதலாளி கடை’ என்றே இருக்கிறது. படத்தின் ஓரத்தில் பதினைந்து வயசுப் பையன், கையில் கஜக்கோல். ஜார்ஜ் அட்டையில் அதே முகம், நரைத்த தலை, பணப்பெட்டிக்குப் பக்கத்தில்.

இடையில் முதலாளி மாறவில்லை, பலகை மாறவில்லை. அவர் எழுதிய சொல் மட்டும் மாறியிருக்கிறது. இன்றும் கடையில் வேலை செய்கிறவர்கள் ‘நம்ம கடையில இருக்கு, வாங்க’ என்றுதானே கூப்பிடுகிறார்கள்? கொள்ளுப்பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. யாரோ வாசித்துக் காட்டியிருப்பார்கள். கடல் தாண்டிப் போன அந்த ‘நம்ம’ அவர் காதில் சொத்தாக விழுந்திருக்கிறது. மூன்று தலைமுறை அதைக் காப்பாற்றி வைத்தோம்.

அத்தையிடம் சொல்லத் தயக்கமாக இருந்தது. சொன்னேன்.

“அப்ப அவரு முதலாளி இல்லியா?”

“இல்ல அத்த.”

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பழைய அட்டையை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“பாவம், கால்ல செருப்புகூட இல்ல பாரு.”