நோட்டுசுவர சாகித்தியம்

நோட்டுசுவர சாகித்தியம் என்பது ஐரோப்பிய மெட்டுகளுக்கு முத்துசுவாமி தீட்சிதர் (1775 - 1835) சமசுகிருதத்தில் சொல்லமைத்ததாகக் கூறப்படும் சிறு பாடல்களின் தொகுதியாகும். சுமார் 40 பாடல்கள் இவ்வகையில் அறியப்படுகின்றன. அயர்லாந்து, இசுக்காட்லாந்து, இங்கிலாந்து நாட்டுப்புற நடன மெட்டுகளும் படைநடைப் பாட்டுகளும் இவற்றின் மூலங்கள் ஆகும். "நோட்டு" என்பது மேனாட்டு இசைக்குறிப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் திரிபு. கருநாடக இசையில் இவை நீண்ட காலம் சிறுவர் பயிற்சிப் பாடல்களாகவே கருதப்பட்டு வந்தன.

பின்னணி

தீட்சிதரின் தந்தை இராமசுவாமி தீட்சிதர் சென்னையை அடுத்த மணலியில் முதலியார் குடும்பத்தின் ஆதரவில் வாழ்ந்தார். அக்குடும்பத்தினர் கிழக்கிந்தியக் கம்பெனியோடு தொடர்புடையவர்கள் என்பதால், புனித ஜார்ஜ் கோட்டையில் பேண்டு வாத்தியம் கேட்கும் வாய்ப்பு தீட்சிதர் சகோதரர்களுக்குக் கிடைத்தது. இளையவரான பாலுசுவாமி தீட்சிதர் ஓர் ஐரோப்பியரிடம் வயலின் பயின்றார். கருநாடக இசைக்கு வயலின் வந்து சேர்ந்த வரலாற்றில் இது முக்கியமான நிகழ்ச்சியாகும்.

அக்காலத்தில் இம்மெட்டுகள் கோட்டைக்குள் மட்டும் அடைபட்டிருக்கவில்லை. படைகள் சென்ற இடமெல்லாம் குழலும் முரசும் உடன் சென்றன. 1799 மார்ச்சில் ஜெனரல் ஹாரிசின் படை இராயக்கோட்டை, கெலமங்கலம் வழியாகவே திப்பு சுல்தானின் ஸ்ரீரங்கப்பட்டணத்தை நோக்கிச் சென்றது. அப்படையில் இசுக்காட்லாந்து மலைநாட்டுப் படைப்பிரிவுகளும் இருந்தன. அயர்லாந்தில் பிறந்த ஆர்தர் வெல்லெசுலியும் அப்போரில் பங்கேற்றார். தஞ்சையில் இரண்டாம் சரபோசி மன்னரின் அரண்மனையிலும் மேனாட்டு இசை ஒலித்தது.

மூல மெட்டுகள்

பாடல்களின் மூலத்தைக் கண்டறிவதற்குச் சுவரங்களை ஐரோப்பிய இசைக்குறிப்பு நூல்களோடு ஒப்பிடுவதே வழி. ஐயமின்றி அடையாளம் காணப்பட்டவற்றுள் முதன்மையானது "வந்தே மீனாட்சி". இதன் மெட்டு "ரேக்சு ஆஃப் மாலோ" என்னும் அயர்லாந்து நடன மெட்டு ஆகும். மாலோ என்பது கார்க் மாவட்டத்தில் உள்ள ஊர். 18ஆம் நூற்றாண்டில் மருத்துவ நீரூற்றுக்காகப் பெயர் பெற்றிருந்த அவ்வூரில் குடித்துக் கூத்தடித்த இளைஞர்களைப் பற்றியது அந்தப் பாட்டு. அதே மெட்டு மதுரை மீனாட்சியின் துதியாக மாறியது வியப்புக்குரியது. மெட்டின் தொடக்கம் எளிதில் நினைவில் நிற்பது: "ச க ச க" என ஊஞ்சலாடி, பின்னர் "நி ரி நி ரி" என ஒரு படி கீழிறங்கி ஆடும். 1952இல் வெளிவந்த "தி குவயட் மேன்" என்னும் திரைப்படத்திலும் இம்மெட்டு கேட்கிறது.

அயர்லாந்து நடன இசையில் ஆறெண்ணிக்கையில் அமைந்தது "ஜிக்" எனப்படும். இது நம் திஸ்ர நடைக்கு நெருங்கியது. "ரேக்சு ஆஃப் மாலோ" ஜிக் அன்று, ஈரெண்ணிக்கை கொண்டது. நோட்டுசுவரங்கள் திஸ்ர ஏகம், சதுஸ்ர ஏகம் ஆகிய எளிய தாளங்களிலேயே எழுதப்பட்டுள்ளன.

"சந்ததம் பாஹிமாம்" ஆங்கிலேயரின் அரச வாழ்த்துப் பாடலின் மெட்டில் அமைந்தது. "ஜகதீச குருகுஹ" இசுக்காட்லாந்தின் "லார்டு மெக்டொனால்ட்சு ரீல்" என்னும் மெட்டைச் சார்ந்தது. "வரசிவபாலம்" பாடலின் மெட்டு, அயர்லாந்துக் கவிஞர் தாமசு மூர் பாட்டெழுதிய "காசுட்டீலியன் மெய்டு" ஆகும்.

எழுத்து வடிவங்கள்

எல்லாப் பாடல்களும் சங்கராபரண சுவரங்களில் அமைந்தவை. மேனாட்டு இசையின் பெரும்பண் சுருதி வரிசை இதனோடு ஒத்துப்போவதே காரணம். கமகம் இல்லை, பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற முழு அமைப்பும் இல்லை. சுவர எழுத்தில் எழுதியபோது பேண்டின் துணைச்சுரங்கள் விடுபட்டு, ஒற்றை மெட்டு மட்டுமே எஞ்சியது. ஐந்து கோட்டுக் குறிப்பிலிருந்து மெட்டு எங்கே விலகியது, கேட்டவர் காதில் எங்கே மாறியது என்பதைப் பிரித்தறிவது இதனால் கடினமாகிறது.

தெலுங்கு அகராதி தொகுத்த சி. பி. பிரவுனின் சேகரிப்பில் இருந்த கையெழுத்துப்படி ஒன்று, அவரது வேண்டுகோளின்படி தீட்சிதர் இவற்றை இயற்றியதாகக் குறிப்பிடுகிறது. அச்சில் இவற்றுள் பல, பாலுசுவாமியின் பேரனும் சுவீகார புத்திரருமான சுப்பராம தீட்சிதரின் "பிரதமாப்யாச புத்தகமு" (1905) என்னும் தெலுங்கு நூலில் வெளிவந்தன.

காலம் பற்றிய சிக்கல்

இவ்விரு வழிகளும் காலத்தால் முழுமையாகப் பொருந்துவதில்லை. மணலி வாழ்க்கை 18ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது. பிரவுன் சென்னைக்கு வந்ததோ 1817இல். தாமசு மூரின் தேசிய மெட்டுகள் தொகுதியும் 1818 முதலே வெளிவந்தது. ஆயினும் அவர் சொல்லெழுதிய மெட்டுகள் பழையவை என்பதால் அதை மட்டும் கொண்டு முடிவு கட்ட இயலாது. இளமையில் கேட்டவை, பிற்காலத்தில் கேட்டு எழுதியவை என இரு படிகளாக இத்தொகுதி உருவாகியிருக்கலாம் என்பதே பொருத்தமான விளக்கம். அனைத்தும் தீட்சிதருடையவைதாமா என்ற ஐயமும் எழுப்பப்பட்டுள்ளது. "குருகுஹ" முத்திரை ஒரு சான்றே தவிர, முத்திரையைப் பிறரும் இடக்கூடும்.

ஒலிப்பதிவுகள்

அமெரிக்காவின் சின்சினாட்டியில் வாழும் இசையமைப்பாளர் கண்ணிகேசுவரன் இப்பாடல்களை ஆராய்ந்து, "விசுமயா" என்ற தலைப்பில் சிறுவர்களைக் கொண்டு பதிவு செய்து வெளியிட்டார். மூல மெட்டையும் சாகித்தியத்தையும் அடுத்தடுத்துக் கேட்பவர்க்கு ஒற்றுமை உடனே புலப்படும்.

மதுரை மணி ஐயர் கச்சேரிகளில் பாடிப் புகழ் பெற்ற "இங்கிலீஷ் நோட்டு" இத்தொகுதியைச் சேர்ந்தது அன்று. அது அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் இயற்றியது.